நான் அடித்த ஊஞ்சல் சங்கிலி

என் கையால் இரும்பில் செய்த முதல் பொருள் ஒரு தோசைத் திருப்பி. அதற்குக் காரணம் ஒரு பழைய புத்தகம். சட்டம் படிக்கச் சென்னையில் இருந்தபோது மூர் மார்க்கெட்டில், பொழுதுபோக்காகக் கொல்லு வேலை பழகுகிறவர்களுக்கென்று யாரோ ஒரு வெள்ளைக்காரர் எழுதிய கைப்புத்தகம் கிடைத்தது. அட்டை போயிருந்தது. உள்ளே படங்கள் நன்றாக இருந்தன: உலை போடுவது எப்படி, குறடு பிடிப்பது எப்படி, இரும்பு எந்த நிறத்துக்கு வந்தால் வளையும், எந்த நிறத்துக்கு வந்தால் ஒட்டும். சட்டப் புத்தகங்களைவிட அதை நான் அதிகமாகப் புரட்டியிருக்கிறேன்.

படிப்பை முடித்துத் தென்காசிக்கு வந்து அப்பாவிடமே ஜூனியராகச் சேர்ந்தேன். அப்பா அந்தக் காலத்தில் முன்சீப் கோர்ட்டில் பேர் வாங்கிய வக்கீல். அவருடைய குறுக்கு விசாரணையைக் கேட்பதற்கென்றே வேலையில்லாதவர்கள் வந்து பின்பெஞ்சில் உட்காருவார்கள். அவர் பேசுவார். நான் பக்கத்தில் வழக்குக் கட்டை வைத்துக்கொண்டு, அவர் கை நீட்டும்போது சரியான தாளை எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மேல் எனக்கு வேலை கிடையாது. கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்துவிட்டது. என்னைத் தேடி ஒரு கட்சிக்காரர்கூட வந்ததில்லை. வாய்தா வாங்குவதற்கு மட்டும் எழுந்து நிற்பேன்.

அந்த வெறுமையில்தான் வீட்டுக்குப் பின்னால் மாட்டுத்தொழுவத்தின் ஓரத்தில் ஒரு சின்ன உலை போட்டேன். பழைய இரும்புக் கடையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு வாங்கிவந்து பட்டறைக்கல்லாக வைத்துக்கொண்டேன். கைப்பிடியைச் சுற்றினால் காற்றடிக்கும் இரும்புப் பெட்டி ஒன்று, இரண்டு சுத்தியல், ஒரு குறடு, நாலு அரம். இவ்வளவுதான் என் சொத்து. சாயங்காலம் கோர்ட்டு விட்டு வந்து, அப்பா கிளப்புக்குப் போனதும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கரியைப் பற்றவைத்தால், பிறகு ஒன்றரை மணி நேரம் நான் யாருடைய ஜூனியரும் இல்லை.

தோசைத் திருப்பி கொஞ்சம் கோணலாக வந்தது. என் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. தோசதான் ஒரு பக்கமா வரும்போலிருக்கு" என்று சிரித்தாள். ஆனால் தினமும் அதைத்தான் எடுத்தாள். அடுத்து ஒரு இடுக்கி செய்தேன். பிறகு விளக்கு மாட்டக் கொக்கிகள், கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டி, லாரி ஸ்பிரிங் பட்டைத் துண்டில் ஒரு அரிவாள்மணை. அந்த அரிவாள்மணைக்காக ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். வாழைத்தண்டு அதில் தாள் மாதிரி வெட்டுப்படும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள் என்று மனைவி சொன்னபோது, கோர்ட்டில் ஜெயித்திருந்தால்கூட அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கை கழுவப் பின்பக்கம் வந்தார். நான் சட்டையில்லாமல், முகமெல்லாம் கரியாக, சுத்தியலும் கையுமாக நின்றேன். அப்பா சத்தம் போடுகிறவர் அல்ல. செம்பைக் கீழே வைத்துவிட்டு உலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கட்சிக்காரன் வந்து ஒன்ன இந்தக் கோலத்துல பாத்தான்னு வையி, கேஸா குடுப்பான்? கலப்பைக் கொழு தட்டத்தான் குடுப்பான்."

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கி இது இங்கன இருக்கக் கூடாது" என்றார்.

"சரிப்பா" என்றேன்.

இங்கன இருக்கக் கூடாது என்றுதான் சொன்னார். எந்த இடத்திலும் இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. வக்கீல் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகிற பாதையில் எங்களுக்கு ஒரு சின்ன ஓட்டு வீடு உண்டு. சீசனுக்கு மட்டும் திறப்போம், மற்ற மாதங்களில் பூட்டிக் கிடக்கும். சாவி என்னிடம் இருந்தது. மறுநாளே எல்லாவற்றையும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக் குற்றாலத்துக்கு அனுப்பிவிட்டேன். இரும்படிக்கிற வேலையை விட்டுவிட்டதாக அப்பா நினைத்தார். அப்படி நினைக்கட்டும் என்று நான் இருந்தேன். விடுமுறை நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலம் போய்விடுவேன். வீட்டைக் கூட்டிப் பெருக்கி வைக்கிறேன் என்று சொல்லுவது வழக்கம். உண்மை மனைவிக்கு மட்டும் தெரியும்.

இரும்பும் கரியும் வேண்டுமென்றால் குத்துக்கல்வலசை போகிற வழியில் இருந்த ஒரு ஆசாரியின் பட்டறைக்குப் போவேன். அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருக்கலாம். துருத்தியை அவர் மனைவிதான் இழுப்பார். பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லி இடத்துக்காரர் போட்ட வழக்கில் ஆசாரிக்காக அப்பாதான் ஆஜரானார். அப்படித்தான் பழக்கம். நான் எதற்காக இரும்பு வாங்குகிறேன் என்பது ஆசாரிக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. "நீங்க கோர்ட்ட விட்டுட்டு இரும்படிக்க வாரிய, நான் பட்டறைய விட்டு கோர்ட்டுக்கு அலையுதேன்" என்று ஒருமுறை சொன்னார்.

செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு நம் பக்கம் சேர்ந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஒரு சித்திரை ஆரம்பத்தில் அப்பா என்னிடம் சொன்னார்: "குத்தாலத்து வீட்டு ஊஞ்சச் சங்கிலி துரு ஏறிக் கெடக்கு. சாரல் விழுகதுக்குள்ள ஆசாரிட்ட சொல்லிப் புதுசா அடிச்சு மாட்டிரு."

நான் ஆசாரியிடம் சொல்லவில்லை. நானே அடிப்பது என்று முடிவு செய்தேன். மனசுக்குள் ஒரு நாடகமே ஓடியது. சீசன் முழுக்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த ஊஞ்சலில் ஆடுவார்கள், சங்கிலியைத் தடவிப் பார்த்து யார் வேலை என்று கேட்பார்கள், அப்பா ஆசாரியைப் புகழ்வார், அப்போது நான் மெதுவாகச் சொல்லுவேன். அப்பா சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். இந்த இடத்தை நான் எத்தனை தடவை நினைத்து ரசித்தேன் என்று இப்போது சொல்லக் கூசுகிறது.

கொக்கி வளைப்பதும் அரிவாள்மணை தட்டுவதும் வேறு, சங்கிலி அடிப்பது வேறு. ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு முனையைச் சேர்த்து ஒட்ட வேண்டும். இரும்பு பழுத்ததும் ஒட்டுப் பிடிக்க வெங்காரப் பொடி தூவி, வெள்ளையாகக் காய்ந்து பொறி பறக்கிற அந்த நிமிஷத்தில் வெளியே எடுத்து அடிக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் ஒட்டாது. முந்தினாலும் ஒட்டாது. ஒட்டின மாதிரி தோற்றம் மட்டும் இருக்கும். நாலு சங்கிலிக்குமாக ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. கை கொப்புளித்தது. கோர்ட்டில் கேட்டவர்களிடம் அடுப்பில் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

முடிந்ததும் பெருமை தாங்காமல் சங்கிலிகளைச் சாக்கில் கட்டி, சைக்கிளில் வைத்து ஆசாரியின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பாராட்டு வாங்கத்தான் போனேன். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு, சங்கிலியை ஒவ்வொரு வளையமாகக் கல்லில் வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீரென்று கேட்டது. ஒரு இடத்தில் சத்தம் அமுங்கி வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி ஒன்று அப்படி.

"இது ரெண்டும் பத்தல" என்றார். "வெளிய பாத்தா ஒட்டுன மாதிரி இருக்கும். உள்ள ஒட்டல. ஆள் ஒக்காரக்கூடியதுல்லா? வெட்டிப் போட்டுட்டு வேற மாட்டித் தாரேன். நாளைக்கி வாங்க."

துருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாரா, வேறு எதற்காவதா, எனக்குத் தெரியாது. எனக்குச் சுருக்கென்று பட்டது. இரண்டு வளையத்தை அவர் மாட்டிக்கொடுத்தால் பிறகு இது முழுக்க என் வேலை என்று எப்படிச் சொல்லுவது?

"வேண்டாம் ஆசாரி, நானே சரி பண்ணிக்கிடுதேன்" என்றேன்.

"மேல சூடு காட்டித் தட்டுனா சரியாவாது. வெட்டணும்."

"தெரியும்வே" என்று சாக்கைக் கட்டினேன்.

சரி செய்யவில்லை. இதைத்தான் நான் நாலு வருஷம் யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் இருந்தேன். குற்றாலத்துக்குப் போய் அந்த இரண்டு வளையத்தையும் மேலாகச் சூடு காட்டி நாலு தட்டுத் தட்டினேன். ஒட்டின இடத்துக் கோட்டை அரம் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய் தடவிச் சூட்டில் காட்டியதும் கறுப்பாக, அழகாக, மற்ற வளையங்களோடு வித்தியாசம் தெரியாமல் ஆகிவிட்டது. கல்லில் வைத்துத் தட்டிப் பார்க்கவில்லை. தட்டினால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வளையத்தில் இரண்டுதானே, தாங்கிவிடும் என்று நினைத்தேன். அப்படியா நினைத்தேன்? நினைக்காமல் இருப்பதற்காக வேகவேகமாக மாட்டிவிட்டு வந்துவிட்டேன் என்பதுதான் சரி.

சாரல் ஆரம்பித்தது. நாங்கள் குடும்பத்தோடு குற்றாலத்து வீட்டுக்குப் போனோம். உலைச்சாமான்களை எல்லாம் விறகுப்புரையில் சாக்கு போட்டு மூடி வைத்திருந்தேன். முதல் இரண்டு நாள், வந்திருந்த சொந்தக்காரர்களின் குழந்தைகள் ஆடினார்கள். என் மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆடினாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் அப்பா பேரருவியில் குளித்துவிட்டு வந்தார். தலை துவட்டி, திருநீறு பூசி, சூடாகக் காப்பி குடித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்தார். காலால் உந்தி உந்தி ஆடினார். "சங்கிலி நல்லாப் போட்டிருக்கான்" என்றார்.

நான் அடுத்த அறையில் இருந்தேன். சொல்லிவிடலாமா என்று எழுந்தேன். அதற்குள் சத்தம் கேட்டது.

ஒரு மூலைச் சங்கிலி விட்டுப்போய்ப் பலகை சரிந்து, அப்பா பக்கவாட்டில் தரையில் விழுந்து கிடந்தார். பேப்பர் அவர் நெஞ்சின் மேல் இருந்தது. "அசைக்காத, அசைக்காத" என்று என்னைத் தடுத்தார். முகமெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு வாடகைக் கார் பிடித்துப் பின்சீட்டில் படுக்கவைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒவ்வொரு குழியிலும் அவர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். இந்த வயதில் சேர்ந்தாலும் பழையபடி நடக்க முடியாது, கோர்ட்டில் நின்று பேசுவதெல்லாம் இனி இல்லை என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியிலிருந்து தென்காசி வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பாவின் தலையணைக்கு அடியில் அந்த வளையம் இருந்தது. விழுந்த இடத்திலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார். ஒட்டு விட்டு வாயைத் திறந்துகொண்டிருந்தது. வழக்கில் சான்றுப் பொருளை வைத்திருக்கிற மாதிரி வைத்திருந்தார். வந்த மறுநாளே குமாஸ்தாவை அனுப்பி ஆசாரியை வரச்சொன்னார்.

ஆசாரி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நான் கால்மாட்டில் நின்றேன். என் மனைவி கஞ்சி டம்ளரோடு வாசற்படியில் நின்றாள்.

"இது என்னவே?" என்று அப்பா வளையத்தை நீட்டினார்.

"வளையம்."

"வளையம்னு எனக்குந் தெரியுது. யாரு அடிச்சது?"

"நான் அடிக்கல அய்யா."

"பொறவு? குத்தாலத்துக் குரங்கு அடிச்சுதோ?"

ஆசாரி என்னைப் பார்த்தார். பேச எனக்கு அவகாசம் கொடுத்தார். அவ்வளவு நேரம் யாரும் எனக்குக் கோர்ட்டில்கூடக் கொடுத்ததில்லை. நான் கட்டில் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க மவன் அடிச்சது அய்யா" என்றார் ஆசாரி. "எங்க பட்டறைக்குக் கொண்டாந்து காட்டுனாவ. ரெண்டு வளையம் பத்தல, வெட்டணும்னு சொன்னேன். கேக்கல."

அப்பா உடம்பைத் திருப்ப முடியாமல் கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினார். "ஏலே, இவரு சொல்லுதது நெசமா?"

"இல்லப்பா" என்றேன். "நான்தான் அந்த வேலைய விட்டுட்டேம்லா. ஆசாரிட்ட வாங்குனதுதான்."

குரல் நடுங்கவில்லை. அதுவரை கோர்ட்டில் வாய்தா கேட்கும்போதெல்லாம் நடுங்கிய குரல் அன்றைக்கு நடுங்கவில்லை.

அப்பா ஆசாரியிடம், "செய்யிததையும் செஞ்சிட்டு எம்மவன் மேல பழி போடுதீரா? உம்ம கேஸ் கட்டைக் குமாஸ்தாட்ட வாங்கிட்டுப் போவும். உம்ம கேஸ இனி நான் நடத்த மாட்டேன்" என்றார்.

ஆசாரி போய்விட்டார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை.

என் மனைவி பின்பக்கம் கிணற்றடிக்கு வந்தாள். "அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தியளா?" என்று கேட்டாள்.

"அப்பா இந்த நெலமையில கெடக்கும்போது எப்படிச் சொல்ல? அதிர்ச்சியில ஏதாவது ஆயிட்டுன்னா?"

"அதுக்காகவா சொல்லல?" என்றாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அதன்பிறகு சமையலறையில் ஒவ்வொன்றாக மாறியது. கடையில் வாங்கிய தோசைத் திருப்பி வந்தது, வேறு இடுக்கி வந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்து வியந்த அரிவாள்மணை எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அப்பாவின் வழக்குகள் எல்லாம் என்னிடம் வந்தன. வேறு வழியில்லை. கட்சிக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு, "அப்பா வீட்ல இருந்து சொல்லிக் குடுக்காவ, மவன் பேசுதாவ" என்று பழகிவிட்டார்கள். நான் வக்கீலானது அப்படித்தான். அப்பா எழுந்து நடந்திருந்தால் நான் ஆகியிருக்க மாட்டேன்.

ஊரில் ஆசாரிக்கு, 'வக்கீல் இடுப்ப ஒடிச்ச ஆசாரி' என்று பேராகிவிட்டது. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட வந்தவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். அடுத்த மாதம் ஒருநாள் ஆசாரியின் மனைவி கோர்ட்டு வராந்தாவுக்கு வந்தார். நான் கவுனைப் போட்டுக்கொண்டு நின்றேன். கூட இரண்டு வக்கீல்கள் இருந்தார்கள். அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"பட்டற எடம் போனாப் போவட்டும். வேற எங்கனயாச்சும் போட்டுக்கிடுதோம். அவிய வேல சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்லுதாவ. அத மட்டும் மாத்திச் சொல்லிருங்க. நானும் அன்னைக்கி பட்டறையிலதான இருந்தேன்? நீங்க கொண்டாந்தத நானும் பாத்தேம்லா?"

"கோர்ட்டுக்கு நேரமாச்சு" என்றேன்.

உண்மையில் நேரமாகவில்லை. என் வழக்கு மத்தியானத்துக்கு மேல்தான். உள்ளே போய்க் காலியாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது அந்த அம்மாள் இல்லை.

ஆசாரிக்குக் கிடைத்த வேறு வக்கீல் சரியாக நடத்தவில்லை. வழக்கு தோற்றது. பட்டறையைப் பிரித்துக்கொண்டு அவர்கள் செங்கோட்டைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த வழியாகச் சைக்கிளில் போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். இனி நேராகவே போகலாம் என்று தோன்றியதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு வழக்குக்காகச் செங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போனேன். வழக்கு சீக்கிரம் முடிந்துவிட்டது. ரயிலுக்கு நேரமிருந்ததால் கொல்லம் ரோட்டில் நடந்தேன். ஒரு தகரக் கொட்டகையில் ஆசாரி மரம் ஏற்றும் வண்டிக்குச் சங்கிலி அடித்துக்கொண்டிருந்தார். மனைவி துருத்தி இழுத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததை அவர்களும் பார்த்துவிட்டார்கள். திரும்பிப் போக முடியவில்லை.

"என்ன வேணும்?" என்றார், புதிதாக வருகிறவரைக் கேட்பதுபோல.

கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "நான் செஞ்சது பெரிய தப்பு. மன்னிக்கணும்" என்றேன்.

அவர் கையிலிருந்த வளையத்தை உலையில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எங்கிட்ட ஏன் சொல்லுதீரு? எனக்குத் தெரிஞ்ச விசயந்தான அது? தெரியாதவன்ட்ட போயிச் சொல்லும்."

அவ்வளவுதான். மறுபடி வேலையில் குனிந்துகொண்டார். முன்பெல்லாம் என்னை 'நீங்க' என்று சொல்லுகிறவர். துருத்தி நிற்கவேயில்லை.

அதன் பிறகாவது உடனே சொன்னேனா? இல்லை. எட்டு ஒன்பது மாதம் தள்ளிப்போட்டேன். சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவிடம் அடுத்த வார வழக்குக் கட்டுகளைப் படித்துக்காட்டுவது வழக்கம். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டு ஊன்றுகோலும் சுவரில் சாய்ந்திருக்கும். ஒரு சனிக்கிழமை படித்துக்கொண்டிருந்த தாளைப் பாதியில் நிறுத்திவிட்டு, "அப்பா, அந்த வளையம் நான் அடிச்சது" என்றேன்.

"எந்த வளையம்?" என்றார்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரே வாக்கியத்தில் தப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"ஆசாரி எத்தன வளையம் சரியில்லன்னு சொன்னாரு?"

"ரெண்டு."

"நீ அத மாத்தினியா?"

"இல்ல."

"வேற என்ன செஞ்ச?"

"மேலாச் சூடு காட்டி அரம் போட்டேன்."

"கோடு தெரியாம இருக்கதுக்கா?"

"ஆமா."

"நான் ஊஞ்சல்ல ஒக்காரும்போது நீ எங்கன இருந்த?"

"பக்கத்து ரூம்ல."

"ஒம் பொஞ்சாதிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அப்பா மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இந்தக் கேள்வியெல்லாம் அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்" என்றார். "ரெண்டு பேரும் என் முன்னாலதான நின்னிய? ஒரு கேள்வி கேக்கலையே நான்."

பிறகு குமாஸ்தாவைக் கூப்பிட்டுத் திங்கட்கிழமை காலையில் ஒரு கார் ஏற்பாடு செய்யச் சொன்னார். நானும் வருகிறேன் என்றேன். "நீ எதுக்கு?" என்றார்.

செங்கோட்டையில் நடந்ததைக் குமாஸ்தா எனக்குச் சொன்னார். ஆசாரி முக்காலியை எடுத்துப் போட்டிருக்கிறார். அப்பா உட்காரவில்லை. ஊன்றுகோலில் நின்றபடியே, "நீரு சொன்னத நான் விசாரிக்காமப் போயிட்டேன். எந் தப்புதான்" என்றிருக்கிறார். ஆசாரியின் மனைவி, "இம்புட்டு நாளாச்சே அய்யா" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பவும் தென்காசியில் பட்டறை போட இடம் பார்த்துத் தருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு ஆசாரி, "வேண்டாம் அய்யா, இங்கன எல்லாருக்கும் பழகிப்போச்சு. நீங்க வந்தியள்லா, அது போதும்" என்றாராம்.

காரில் திரும்பும்போது அப்பா வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கோர்ட்டுக்கு விடச்சொல்லியிருக்கிறார். நான் வக்கீல்கள் அறையில் இருந்தேன். வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து நாற்காலி போட்டார்கள். நாலு வருஷத்துக்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் வருகிறார். ஆளாளுக்கு உடம்பைப் பற்றி விசாரித்தார்கள்.

"ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார் அப்பா. "எனக்கு இடுப்பு ஒடிஞ்சது ஆசாரி வேலையால இல்ல. அந்தச் சங்கிலி எம்மவன் அடிச்சது. வேண்டாம்னு ஆசாரி சொல்லியிருக்காரு. இவன் பொய் சொன்னான், நான் நம்பிட்டேன். ஊருல யாராச்சும் அவரு வேலையப் பத்திப் பேசினா, இதையும் சேத்துச் சொல்லிருங்க."

பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். நான் கவுனோடு நின்றேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் தோன்றியது ஆசாரியைப் பற்றியோ அப்பாவைப் பற்றியோ அல்ல. வெளியே வராந்தாவில் ராயகிரியிலிருந்து வந்த என் கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார், அவர் காதில் இது விழுந்திருக்குமோ என்றுதான். விழுந்திருந்தது. அந்த வாரமே அவர் வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டார். இன்னும் சிலரும் போனார்கள். முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். அதுவும் அப்பாவுக்காகத்தான்.

அன்றைக்கு அப்பா புறப்படும்போது குமாஸ்தா காரைக் கூப்பிடப் போயிருந்தார். வராந்தாவிலிருந்து இறங்க மூன்று படி. அப்பா மேல்படியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். வேறு யாரும் பக்கத்தில் இல்லை. கையை என் பக்கம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். அவ்வளவு கனம் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. "மெதுவா" என்றார். சங்கிலி விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் பிறகு எப்போதும் பேசவில்லை. சனிக்கிழமை கட்டுப் படிப்பது நடந்தது. ஆனால் முன்பெல்லாம் நான் சொல்லுகிற விவரத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறவர், அதன் பிறகு, "அந்தத் தாளக் கொண்டா, பாக்கேன்" என்று கை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருவார். கடைசிவரை அப்படித்தான்.

அப்பா இறந்த அன்று காலை ரயிலில் ஆசாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் மாலை போட்டுவிட்டுத் தெருவில் மற்ற ஆண்களோடு நின்றார். அந்த அம்மாள் உள்ளே போய் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் ஆசாரியின் முன்னால் போய்க் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். "அய்யா நல்லவிய" என்றார். மயானம் வரை கூட நடந்து வந்தார்கள் சிலர். அவர்களில் அவரும் ஒருவர். குளித்துவிட்டு வந்து தேடியபோது மத்தியான ரயிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.